பின்பக்கமாக நடந்த கண்ணாடிக்காரர்

போன வாரம் சாப்பாட்டு மேசையில் நாம் விட்டுவிட்டு வந்த குடும்பம் இன்னும் சமாதானமாகவில்லை. தட்டுகளைக் கழுவி அடுக்கியாயிற்று. சண்டையைத்தான் யாரும் எடுத்து வைக்கவில்லை.

வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நம் கண்ணாடிக்காரரின் முழங்கை மடிப்பில் அடிக்கடி பஞ்சும் பிளாஸ்திரியும் தென்படுவதை மகள் பார்த்துவிட்டாள். அப்பாவுக்கு ஏதோ பெரிய வியாதி, தன்னிடம் மறைக்கிறார் என்று தேம்பித் தேம்பி அழுதாள். அழுகையைத் தாங்க முடியாத மாப்பிள்ளை, "மாமா உடம்புக்கு ஒண்ணுமே இல்ல. லேப் வச்சிருக்கிற மேடத்தைப் பாக்கத்தான் ரத்தம் குடுக்கப் போறாரு" என்று போட்டு உடைத்துவிட்டான். நல்ல எண்ணத்தில்தான். பேக்கரிக்காரன். எதையும் சூட்டோடு வெளியே எடுத்துவிடுவது தொழில் பழக்கம்.

வியாதி இல்லை என்று தெரிந்ததும் மகள் அழுகையை நிறுத்தினாள். அப்பாவிடம் பேசுவதையும் நிறுத்தினாள்.

"நீ சரின்னு சொல்லாம அவங்ககிட்ட நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேம்மா. சத்தியம்" என்றார் கண்ணாடிக்காரர். சத்தியம் செய்த கை அப்படியே நீட்டியபடி இருந்தது. மகள் எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

"என்னங்க, காபி ஆறுதுன்னு சொல்லுங்க."

"மாமா, காபி ஆறுதாம்."

"குடிச்சாச்சுன்னு சொல்லுங்க மாப்ள."

"குடிச்சாச்சாம்."

"குடிச்ச டம்ளரை எங்க வச்சிருக்காருன்னு கேளுங்க. போன தடவை கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு."

மூன்று பேரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கையை நீட்டினால் ஒருவர் மூக்கை ஒருவர் பிடித்துவிடலாம்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் இடைவெளி விட்டீங்கன்னா நான் ஒரு வாய் ரொட்டி தின்னுக்குவேன்" என்றான் மாப்பிள்ளை பரிதாபமாக. "ரெண்டு பக்கமும் டிராஃபிக் ஜாஸ்தியா இருக்கு."

மகள் தன் கை ஒலிபெருக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை அவளுக்கு. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று அவள் குரல் சொன்னால், தூங்குகிறவன்கூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

"இன்னைக்கு வரலாற்று நடைக்கு நான் வர்றது சர்வேயர் சார் கேட்டுக்கிட்டதுக்காக. வேற அர்த்தம் எதுவும் எடுத்துக்க வேணாம்னு சொல்லுங்க."

"வேற அர்த்தம்..." என்று தொடங்கிய மாப்பிள்ளை மாமனார் முகத்தைப் பார்த்தான். ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டான்.

*

அந்தச் சின்ன ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்குச் சர்வேயர்தான் செயலாளர். நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஊராரின் நாக்கை அளந்துகொண்டிருந்தார். மாதம் ஒரு ஞாயிறு ஊர்க்காரர்களைத் திரட்டிக்கொண்டு பழைய இடங்களைச் சுற்றி வருவார்கள். வருடத்துக்கு ஒருமுறை பெரிய நடை. இன்றைக்கு அதுதான். வழிநடத்திக் கதை சொல்கிற பொறுப்பு கண்ணாடிக்காரருடையது.

கதை என்று சொன்னால் சர்வேயருக்குக் கோபம் வரும். அதற்காகவே அவர் கொண்டுவந்த ஏற்பாடுதான் கைமணி. வழிகாட்டி சொல்வதில் சந்தேகம் வந்தால் மணி அடிக்கப்படும். உடனே ஆதாரத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூட்டத்திலிருந்து இரண்டு சாட்சிகள் கைதூக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வழிகாட்டி உரக்க, "இது கதை" என்று ஒப்புக்கொண்டு அடுத்த இடம் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போக வேண்டும்.

மணி யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் சங்கத்துக்கு இரண்டாவது கருத்தே இருந்ததில்லை. ரிப்போர்ட் மேடம். ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறவர். ஊரில் அவர் ஊசி குத்தாத கை குறைவு. "தலை சுத்துது மேடம்" என்று யாராவது சொன்னால், "சுத்துதுன்னு ரிப்போர்ட் சொல்லட்டும்" என்பார். கணவர் காலமாகிப் பல வருடம். கலங்காத முகம், கறாரான பேச்சு, அபூர்வமாக ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்களுக்கு அன்று முழுவதும் கணக்கு வழக்கு தப்பும்.

கண்ணாடிக்காரர் ஒரு காலத்தில் சங்கத்தின் பெருமை. அவர் நடத்திய நடைகளில் மணி ஊமையாகவே இருந்தது. ஒரே ஒருமுறை, குளத்தைத் தூர் வாரிய வருடத்தைத் தவறாகச் சொல்லி மாட்டிக்கொண்டு பின்பக்கமாக நடக்க நேர்ந்தது. வெட்கத்தோடு நடந்தவர் அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தார். முன்பக்கமாக நடந்தால் ரிப்போர்ட் மேடம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார். பின்பக்கமாக நடந்தால் நேர் எதிரே வருகிறார், கையில் மணியோடு, காற்றில் ஆடும் நரைத்த நெற்றி முடியோடு.

அன்றோடு ஊரின் வரலாறு கெட்டது. போன மாதம் நூலகத்துக்கு அடியில் சுரங்கம் என்றார். அதற்கு முந்தின மாதம் நகராட்சித் தலைவராக ஒரு பூனை இருந்ததாகச் சொன்னார். சர்வேயர் தலையில் அடித்துக்கொண்டார். நல்ல மனுஷன், வயதாகிறது போலிருக்கிறது என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

*

சரக்குக் கிடங்கு வாசலில் நல்ல கூட்டம். கண்ணாடிக்காரர் பழக்கதோஷத்தில் எல்லார் மூக்கையும் பார்த்தார். பாதிப் பேர் முகத்தில் இருந்தது அவர் மாட்டிய சட்டம்தான். தபால்காரருடையது இடதுபக்கம் சரிந்திருந்தது. திருகாணி தளர்ந்திருக்கிறது.

மகள் ஒலிபெருக்கியை எடுத்தாள். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. வரலாற்று நடை இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

கூட்டத்தில் இரண்டு பேர் அனிச்சையாகப் பையைத் தூக்கித் தோளில் போட்டார்கள்.

சர்வேயர் தொண்டையைச் செருமினார். "ஒரு விஷயம் சொல்லணும். நம்ம ரிப்போர்ட் மேடத்தைச் சிட்டியில ஒரு பெரிய லேபுக்கு நிர்வாகியா கூப்பிட்டிருக்காங்க. அநேகமா இதுதான் இவங்க அடிக்கிற கடைசி மணி."

கண்ணாடிக்காரர் தபால்காரரின் திருகாணியை மறந்தார்.

"இன்னும் முடிவு பண்ணல சார்" என்றார் ரிப்போர்ட் மேடம். "நாளைக்குத்தான் பதில் சொல்லணும்."

"வேண்டாம்னு சொல்ல ஏதாவது காரணம் இருக்கா?"

"இதுவரைக்கும் இல்ல" என்றார் அவர். சர்வேயரைப் பார்த்துதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு மணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

நாளைக்கு! கண்ணாடிக்காரர் மகளைப் பார்த்தார். அவள் ஒலிபெருக்கியின் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியம் செய்யாமல் இருந்திருந்தால் இந்த நிமிடமே கேட்டுவிடலாம். சத்தியம் செய்யச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. தானாகவே போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிற சாமர்த்தியம் தன்னைத் தவிர யாருக்கு வரும் என்று தன்னையே நொந்துகொண்டார்.

"ஆரம்பிங்க" என்றார் சர்வேயர்.

வாய் தானாகத் திறந்தது. "இந்தக் கிடங்கோட கூரை ஏன் இவ்வளவு உசரம்னு யோசிச்சிருக்கீங்களா? ஒரு தடவை சர்க்கஸ்காரங்க ரயில்ல ஒட்டகச்சிவிங்கி கொண்டு வந்தாங்க. கழுத்து இடிக்குதுன்னு நின்னுக்கிட்டே அழுதுச்சாம். அதுக்காக ஊரே சேர்ந்து ஓட்டைப் பிரிச்சு..."

கணீர் என்று மணி அடித்தது.

"ஆதாரம்?" என்றார் ரிப்போர்ட் மேடம்.

"கூரைதான் ஆதாரம்."

"கூரைக்கு ஆதாரம் கூரையா? ஒட்டகச்சிவிங்கிக்கு ஏதாவது?"

கண்ணாடிக்காரர் பரிதாபமாகக் கூட்டத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை மட்டும் மாமனாருக்காகக் கையைத் தூக்கினான். மகள் அதைப் பிடித்து இறக்கினாள்.

"இது கதை" என்றார் கண்ணாடிக்காரர்.

எல்லாரும் ஒரே ஒரு முறை கைதட்டினார்கள். அதுவும் விதி.

*

பின்பக்கமாக நடப்பதில் அவருக்கு நல்ல தேர்ச்சி. குதிகாலால் தரையைத் தடவிக்கொண்டே போவார். இன்றைக்குக் கண்ணுக்கு எதிரே வந்தது ஒரு முகம் அல்ல. முதல் வரிசையில் ரிப்போர்ட் மேடமும் கண்ணாடிக்காரரின் மகளும் அக்கம்பக்கமாக வந்தார்கள்.

மேடம் ஏதோ கேட்டார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். மேடம் தலையசைத்தார். மகள் மறுபடியும் ஏதோ சொன்னாள், இந்தத் தடவை நீளமாக. கண்ணாடிக்காரர் உதட்டசைவைப் படிக்கப் பார்த்தார். கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரியைக்கூடப் படிக்கத் தெரிந்த மனிதருக்கு, மகள் வாயிலிருந்து ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

தீயணைப்பு நிலையம் வந்தது. முன்பக்கம் திரும்பியாக வேண்டும். திரும்பினால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது.

"இந்த ஊர்ல முதல்முதல்ல தீப்பிடிச்ச கட்டடம் இந்தத் தீயணைப்பு நிலையம்தான்" என்றார். அது உண்மை. கருகிய உத்தரத்தைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். மணி அடிக்கவில்லை.

அடிக்காவிட்டால் எப்படி?

"அப்போ வண்டி இழுத்த குதிரைக்கு ஓய்வு குடுத்தப்புறம்," என்றார் அவசரமாக, "அது தினமும் சாயங்காலம் முடிதிருத்தும் கடைக்குப் போய் பேப்பர் படிக்கும்."

கணீர்.

"சார்," என்றார் ரிப்போர்ட் மேடம், "படிச்சுதா, பாத்துச்சா?"

"படங்களை மட்டும்."

"ஆதாரம்?"

"இது கதை."

சர்வேயர் கண்களை மூடிக்கொண்டு நெற்றியைப் பிடித்தார். "போன ஜென்மத்துல இந்த ஊரோட உங்களுக்கு என்னய்யா பகை?"

மறுபடியும் பின்பக்கப் பயணம். இந்தத் தடவை அவர் கண்ட காட்சி நம்பும்படியாக இல்லை. ரிப்போர்ட் மேடம் தன் முழங்கை மடிப்பைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். மகள் நின்றுவிட்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கண்ணாடிக்காரர் பதறினார். இல்லை. சிரிக்கிறாள்! ஒலிபெருக்கியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அது வேறு இயங்கிக்கொண்டிருந்ததால் அவள் அடக்கிய சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது.

அந்த ஆச்சரியத்தில் கண்ணாடிக்காரர் தபால் பெட்டி மேல் மோதினார்.

"மன்னிக்கணும்" என்று அதனிடமே சொல்லிவிட்டு நடந்தார்.

*

பழைய சினிமாக் கொட்டகை இப்போது மெத்தைக் கடை. டிக்கெட் கொடுத்த ஜன்னல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு கை நுழைகிற அளவுக்கு அரைவட்ட ஓட்டை, அதைச் சுற்றித் தேய்ந்த பித்தளை.

இந்த இடத்தில் கண்ணாடிக்காரர் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

மகள் இங்கே வரப்போகிறாள் என்று காலையிலிருந்தே அவருக்கு உள்ளுக்குள் ஒரு கலக்கம். ஞாயிறுகளில் அவளுக்கு எப்போதும் பணி. இந்த நடைக்கு வருவது இதுதான் முதல் தடவை. இவர் இங்கே மாதாமாதம் என்ன பேசுகிறார் என்று அவளுக்குத் தெரியாது. தவிர்த்துவிடலாமா என்று நினைத்தார். பிறகு அந்த ஓட்டையைப் பார்த்தார். தவிர்க்க முடியவில்லை.

"இந்த ஜன்னலுக்குள்ள ஒரு பொண்ணு டிக்கெட் குடுத்துக்கிட்டு இருந்தா" என்றார். "முகம் தெரியாது. கை மட்டும்தான் தெரியும். மோதிர விரல்ல மை ஒட்டியிருக்கும். நான் ஒரே படத்தை ஒன்பது தடவை பாத்தேன். படம் சுமார்தான்."

சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார்.

"ஒரு நாள் டிக்கெட்டோட கையை வெளிய நீட்டி, 'இந்தப் படத்துல அப்படி என்னதான் இருக்கு?'ன்னு கேட்டா. அவ குரலை அன்னைக்குத்தான் முதல்ல கேட்டேன். 'படத்துல ஒண்ணும் இல்லீங்க'ன்னேன். அப்புறம் இருபத்தஞ்சு வருஷம் என் வீட்டுல இருந்தா. இப்போ இல்ல." தேய்ந்த பித்தளையை விரலால் தடவினார். "ஊர்ல எந்தக் கட்டடத்துக்கும் யாரு கல் வச்சாங்கன்னு எழுதி வச்சிருக்கு. டிக்கெட் குடுத்தது யாருன்னு எழுதல. அதனால நான் சொல்றேன். சந்தேகம் இருக்கிறவங்க மணி அடிக்கலாம்."

மெத்தைக் கடைக்காரர் கை தூக்கினார். "நான் சாட்சி. சில்லறை இல்லேன்னா என்னைத் திட்டும் அந்தக் கை."

தபால்காரரும் கை தூக்கினார். சரிந்த கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரிப்போர்ட் மேடம் மணியின் நாக்கை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார், தவறிக்கூட ஒலித்துவிடாதபடி. எப்போதும் இந்த இடத்தில் அப்படித்தான் பிடிப்பார். கண்ணாடிக்காரருக்கு அது பழகிப்போன காட்சி.

மகளுக்கு அது புதிது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

கடைசி இடம், ஊரில் முதன்முதலில் எரிந்த மின்விளக்குக் கம்பம். அங்கே சொல்ல வேண்டியதை ஒப்புக்குச் சொல்லி முடித்தார் கண்ணாடிக்காரர்.

மகள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சினிமாக் கொட்டகையிலிருந்து இங்கே வரும்வரை அவர் முன்பக்கமாக நடந்ததால் அவள் முகத்தைப் பார்க்கவும் கிடைக்கவில்லை. தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தார். அத்தனை பேர் நடுவே அவள் அம்மாவைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது. போச்சு, எல்லாம் போச்சு.

"மேடத்தைப் பத்தி நீங்களே ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் சர்வேயர். "இந்த மணியால அதிகமா அடிபட்டது நீங்கதான்."

கண்ணாடிக்காரர் முன்னால் வந்தார். மேடத்தின் முகத்தைப் பார்த்தால் சத்தியம் உடைந்துவிடும். ஆகவே மேடத்தின் கால் செருப்பைப் பார்த்துப் பேசினார்.

"மேடம் சிட்டிக்குப் போறது ரொம்ப நல்ல விஷயம். பெரிய வேலை. தாராளமா போகட்டும். நமக்கு ஒரு குறையும் இல்ல. மணி அடிக்க இந்த ஊர்ல வேற ஆளா இல்ல? எனக்கெல்லாம்... எனக்கு சந்தோஷம்தான். ரொம்ப சந்தோஷம்."

மணி அடித்தது.

ஒரு தடவை அல்ல. விடாமல் அடித்தது. தீயணைப்பு நிலையத்தில் படுத்திருந்த நாய் எழுந்து குரைக்கிற அளவுக்கு அடித்தது.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். மேடத்தின் கைகள் வெறுமையாக இருந்தன. மணி மகள் கையில் இருந்தது.

"ஆதாரம் இருக்காப்பா?" என்றாள்.

அப்பா என்று அவள் சொல்லி எத்தனை நாள்! அவருக்குக் கேள்வி மறந்துபோயிற்று.

"என்னம்மா?"

"உங்களுக்கு சந்தோஷம்னு சொன்னீங்களே, அதுக்கு ஆதாரம் இருக்கான்னு கேட்டேன். இல்லேன்னா ரெண்டு சாட்சி."

யாரும் கை தூக்கவில்லை. மாப்பிள்ளை தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், தப்பித் தவறி எழுந்துவிடாதபடி.

"நல்லா யோசிச்சு சொல்லுங்கப்பா" என்றாள் மகள். குரல் பேருந்து நிலையக் குரல்தான், நடுவில் கொஞ்சம் தடுக்கியது. "நான் சரின்னு சொன்னா கேப்பேன்னு சொன்னீங்கல்ல? அதனாலதான் மணி அடிச்சேன்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். அழுக்கு கண்ணாடியில் இல்லை.

"இது கதை" என்றார்.

விதிப்படி ஒரு தட்டு. விதியை மீறி அது நிற்கவே இல்லை. சர்வேயர் கையமர்த்திப் பார்த்துத் தோற்றுக் கடைசியில் அவரும் தட்டினார். உடனே அவருக்குக் கவலை வந்துவிட்டது.

"ஒரு சிக்கல். அடுத்த இடம் வரைக்கும் இவர் பின்பக்கமா நடக்கணும். இதுதான் கடைசி இடம். அடுத்த இடம்னு ஒண்ணு இல்லையே?"

மகள் ஒலிபெருக்கியைத் தூக்கினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்த நடை ரத்தப் பரிசோதனை நிலையம் வரை நீட்டிக்கப்படுகிறது."

*

அப்படி ஒரு ஊர்வலத்தை அந்தத் தெரு கண்டதில்லை. முன்னால் ஒரு மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார். அவருக்கு எதிரே ரிப்போர்ட் மேடம். அவருக்குப் பக்கத்தில் மணியோடு மகள். பின்னால் ஊர். கடைகளிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் என்ன ஏது என்று கேட்காமலே சேர்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளை தன் பேக்கரியைத் தாண்டும்போது உள்ளே ஓடி ஒரு தட்டு நிறைய பன்னோடு வந்து கூட்டத்தில் விநியோகித்தான்.

"வலது பக்கம் பள்ளம்பா" என்றாள் மகள்.

"சரிம்மா."

"பள்ளம்னுதானே சொன்னேன்? அதுலயே போய் கால வைக்கிறீங்க!"

லேப் வாசலில் நின்றார்கள். கண்ணாடிக்காரருக்கு மூச்சு வாங்கியது. பேச நினைத்து வைத்திருந்த அழகான வார்த்தைகள் எல்லாம் அந்தப் பள்ளத்திலேயே விழுந்துவிட்டன.

"மேடம், சிட்டிக்குப் போகாதீங்க. எங்க வீட்டுக்கு வாங்க. அதாவது விருந்தாளியா இல்ல. அதாவது நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"தெரியும்" என்றார் ரிப்போர்ட் மேடம்.

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"ரெண்டாவது தடவை ரத்தம் குடுக்க வந்தீங்களே, அப்போலேர்ந்து. ஊசியைப் பாத்தாலே கண்ணை இறுக்க மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிற மனுஷன், எதுக்கு மறுபடி மறுபடி வர்றாருன்னு யோசிச்சேன். முதல் தடவை எடுத்த ரிப்போர்ட்டையே நீங்க வந்து வாங்கிக்கல. இந்த ஊர்ல ரிப்போர்ட் வாங்காத ஒரே ஆள் நீங்கதான்."

"அப்போ அதுக்கப்புறம் எடுத்த ரத்தமெல்லாம்?"

"யாரு எடுத்தா? லேசா கிள்ளிட்டு பஞ்சை வச்சு ஒட்டி அனுப்பிட்டேன்."

மகள் மறுபடி சிரிக்கத் தொடங்கினாள். தீயணைப்பு நிலையத்தைத் தாண்டிக் கேட்ட அதே சிரிப்பு. கண்ணாடிக்காரர் தன் முழங்கையைத் தடவிப் பார்த்தார்.

"கிள்ளினதா? எனக்கு ஒவ்வொரு தடவையும் மயக்கமே வந்துச்சே!"

ரிப்போர்ட் மேடம் சிரித்தார். அந்த அபூர்வமான சிரிப்பு. வாசலில் நின்ற பாதிப் பேருக்கு அன்றைய கணக்கு வழக்கு தப்பியது.

பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. "சார், எனக்கு இஷ்டம்தான். அதை இவ்வளவு பேருக்கு முன்னால சொல்றதுல எனக்கு வெக்கமும் இல்ல. ஆனா என் இஷ்டம் மட்டும் போதாது. எங்க வீட்டுல ஒருத்தர்கிட்ட கேக்கணும்."

"யார்கிட்ட?"

"என் மாமியார்கிட்ட. அவங்க மகன் போனப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் வேற யாரும் இல்ல. சிட்டிக்குப் போனாலும் அவங்களோடதான். உங்க வீட்டுக்கு வந்தாலும் அவங்களோடதான். அவங்க வேண்டாம்னா, நாளைக்கு நான் சிட்டிக்கு சரின்னு சொல்லிடுவேன்."

மகளும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகளிடம் சம்மதம் வாங்கவே ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. மாமியாரிடம் வாங்க என்ன செய்ய வேண்டியிருக்குமோ?

"எங்க இருக்காங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

பதில் மேலேயிருந்து வந்தது. லேபுக்கு மேல்மாடி ஜன்னல் திறந்திருந்தது. மெலிந்த உருவம் ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. மகளின் ஒலிபெருக்கி நாலு தெருவுக்குக் கேட்கும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

"முதுகைக் காட்டிக்கிட்டு என் வீட்டு வாசல் வரைக்கும் வந்த அந்த ஆளை மேல வரச் சொல்லு" என்றது குரல். "தனியா. முன்பக்கமா நடந்து."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

மகள் அப்பாவின் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தாள். உதட்டோரம் ஒட்டியிருந்த பன் துணுக்கைத் தட்டிவிட்டாள். "போங்கப்பா. பொய் மட்டும் சொல்லிடாதீங்க" என்று காதோடு சொன்னாள்.

மாடியில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தன்னை உட்கார வைக்கவா, தன்மேல் தூக்கிப் போடவா என்று தெரியாமல், கண்ணாடிக்காரர் முதல் படியில் கால் வைத்தார்.